தாளைத் தேய்த்துப் பார்க்கும் விரல்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். கல்வராயன் மலையிலிருந்து சான்றிதழ் வேலையாக அந்த ஊருக்கு இறங்கி வருபவருக்கு, ஜெராக்ஸ் கடையின் லேசர் பிரிண்டர் நின்றுவிட்டால் அன்றைய பொழுதே வீண்.

அதனால்தான் ஃபியூசர் பார்க்கத் தெரிந்த சர்வீஸ்காரர்மேல் எனக்கு அத்தனை மதிப்பு. டோனர் நுண்ணிய பிளாஸ்டிக் தூள். ஃபியூசரில் ஏறத்தாழ 200 டிகிரிச் சூட்டில் இளகி, ரோலர் அழுத்தத்தில் தாளோடு ஒட்டுகிறது. அவர் எடுத்தவுடன் எதையும் கழற்றுவதில்லை. அச்சான தாளை விரலால் தேய்க்கிறார். எழுத்து உதிர்ந்தால் சூடு போதவில்லை. ஒரே கறை சீராகத் திரும்ப வந்தால் ஸ்கேலை வைக்கிறார்: அந்த இடைவெளி எந்த உருளையின் சுற்றளவோ, பழுது அதில்தான். எவ்வளவு அழகான கணக்கு! தாள் சுருங்கினால் மழைக்கால ஈரமாகவும் இருக்கலாம். வேறு தாள்கட்டைப் போட்டுப் பார்க்கிறார். பிறகுதான் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, திறக்கிறார். டெஃப்லான் உறை மட்டும் கிழிந்திருந்தால் அதை மட்டுமே மாற்றுகிறார்.