படம் உரைத்தது, பாட்டு மறைத்தது!

கலை, மாளிகைச் சுவர்களுக்கு மட்டுந்தானா சொந்தம்? தெருவிலே திரியும் ஏழையின் கண்களுக்கு அதிலே பங்கில்லையா? இலண்டன் ஓவியர் வில்லியம் ஓகார்த், 1751-இல் இக்கேள்விக்கு விடையளிக்க முனைந்தார். 'கொடுமையின் நான்கு படிகள்' என்ற அச்சுப்படத் தொடரே அவ்விடை. இன்றைய சித்திரக்கதையின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

முதற்படத்திலே, சிறுவன் டாம் நீரோ ஒரு நாயை வதைக்கிறான். விட்டுவிடும்படி மற்றொரு சிறுவன், தன் தின்பண்டத்தையே கொடுத்துக் கெஞ்சுகிறான். இன்னொருவனோ, தூக்கில் தொங்கும் டாமைச் சுவரிலே வரைகிறான். கதையின் முடிவு, தொடக்கத்திலேயே முளைவிடுகிறது! இரண்டாவதிலே, வண்டிக்காரனாகி, வீழ்ந்த குதிரையை அடிக்கிறான். மூன்றாவதிலே, தன்னை நம்பிக் கருவுற்ற பணிப்பெண்ணைக் கொன்று பிடிபடுகிறான். நான்காவதிலே, தூக்கிலிடப்பட்ட அவன் உடலை மருத்துவர்கள் கூறுபோடுகின்றனர். படத்துக்கும் படத்துக்கும் இடையே ஆண்டுகள் ஓடுகின்றன. அந்த இடைவெளியை நம் சிந்தனையே நிரப்புகிறது.

அடியிலே அச்சிட்ட செய்யுட்கள், கொடியவனுக்குக் கேடு உறுதி என்று போதிக்கின்றன. படமோ அதனினும் ஆழமாகப் பேசுகிறது. டாமின் சட்டைக்கையைப் பாருங்கள்! செயிண்ட் கைல்ஸ் திருச்சபை வட்டாரத்தின் தருமப் பிள்ளை அவன் என்று காட்டும் முத்திரை அதிலே இருக்கிறது. தருமம் முத்திரை குத்திற்று, வழிகாட்டவில்லை. குதிரை ஏன் வீழ்ந்தது? கூலியை மிச்சம் பிடிக்க, பருத்த வழக்கறிஞர் நால்வர் ஒரே வண்டியில் அடைந்தனர்! பிணத்தறையிலே தலைமை மருத்துவர், நீதிபதிபோல் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, கோலால் சுட்டுகிறார். அவர் முகத்திலே இரக்கத்தின் சாயலே இல்லை. ஏழையின் கொடுமைக்குக் கயிறு. கனவான்களின் கொடுமைக்கு நாற்காலி!

குறையும் உண்டு. மலிவாகப் பரப்ப எண்ணி மரச்செதுக்கு அச்சுக்கு முயன்றவர், செலவு மிகவே செப்புத்தகட்டுக்குத் திரும்பினார். படமொன்றின் விலை ஒரு சில்லிங்கு; ஏழைக்கு அது சிறுதொகையன்று. மேலும், அச்சுறுத்துவதோடு அவர் நின்றுவிடுகிறார். டாமுக்கு அன்பும் அறிவும் ஊட்டியிருந்தால் என்ன ஆகியிருப்பான்? அந்த ஐந்தாம் படத்தை அவர் வரையவில்லை.

வரையவேண்டியவர் நாமல்லவா? முரட்டு மாணவனைக் கண்டதும் பிரம்பைத் தேடும் ஆசிரியர்களாகிய நாம், அவன் கிழிந்த சட்டைக்கையை என்றேனும் உற்றுப் பார்த்தோமா? பார்ப்போம்! பார்த்தால், பிரம்பு தானே கைநழுவும்.