கோடு கோடாய் ஒரு கல்யாணம்

ஆரணிப் பக்கம் திருமலையில் அத்தையின் கல்யாண கேசட்டை விசிஆரில் போட்டு, டிவியோடு இணைத்த கம்ப்யூட்டரின் கேப்சர் கார்டில், படத்தைப் பதிவு செய்ய, வயரைச் செருகினேன். கர்ரென்று நாடா சுற்றியது. (எங்களைப் போன்ற தறிக்காரர் வீட்டில் நாடா என்றால் ஓடம்!) மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம், தறியைப் போலவே, விரட்ட முடியாது.

பால் (PAL) என்ற பழைய டிவி முறைப் படத்தில் கண்ணுக்குத் தெரிவது 576 கோடுகள். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் மறு தடவை, நொடிக்கு 50 தடவை மாறி மாறி விழும். அதனால் ஓடுகிற குழந்தையின் கையோரம் சீப்புப் பல்லாய்ப் பிரியும். கம்ப்யூட்டர் இரண்டு தடவைக் கோடுகளையும் கோத்து, இல்லாத கோடுகளை அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து, ஊடை சேர்ப்பதுபோல் 1080 கோடுகள் ஆக்குகிறது. தொலைந்த நுணுக்கம் திரும்பாது. முகங்கள் கொஞ்சம் மெழுகுதான். ஆனால் அரக்குப் புடவையின் சரிகைக் கரை நடுங்காமல் நின்றது. கூட உட்கார்ந்திருந்த மாமா திரையில் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. "கரை நம்ம தறியில போட்டதும்மா" என்றார் அத்தையிடம்.