மதிலும் சீசாப் பலகையும்

அமெரிக்காவையும் மெக்சிகோவையும் பிரிக்கும் இரும்பு மதிலின் கம்பிகளுக்கு இடையே, 2019 ஜூலையில் மூன்று சீசாப் பலகைகள் செருகப்பட்டன. சன்லாண்ட் பார்க் பக்கத்தில் ஒரு குழந்தை கீழே அமர, சியுதாத் ஹுவாரெஸ் பக்கத்தில் இன்னொரு குழந்தை மேலே எழும்பிற்று. கட்டடக் கலைப் பேராசிரியர் ரொனால்ட் ரேல், வர்ஜீனியா சான் ஃபிராடெல்லோ ஆகிய இருவரின் படைப்பு இது. ஒரு மணி நேரம்கூட நீடிக்காத அந்த விளையாட்டை, லண்டன் டிசைன் மியூசியம் 2020ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பாகத் தேர்ந்தெடுத்தது.

பிரிப்பதற்கென்று நட்ட இரும்பையே இருவரை இணைக்கும் அச்சாக மாற்றியது நுட்பமான கற்பனை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், ரேல் 2017இல் வெளியிட்ட நூலில் கூறும் பிற யோசனைகளைக் காணும்போது மனம் தயங்குகிறது. மதிலே நூலகமாகலாம், உணவுக்கடையாகலாம், சூரிய ஒளியில் மின்சாரமும் தரலாம் என்கிறார். மின்சாரம் தரும் மதிலை நாளை இடிக்க யார் முன்வருவர்? பயன் தரத் தொடங்கிய தடைக்குக் காவலர்கள் பெருகிவிடுவார்கள் அன்றோ!

கோவை மாவட்டத்து வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலை, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையில் ஊறிய தனியார் மதில் ஒன்று அருந்ததியர் குடியிருப்பின்மீது சரிந்து 17 உயிர்களைக் கொண்டு சென்றது. ஏறத்தாழ 20 அடி உயரம். தீண்டாமைச் சுவர் என்றே போராடியவர்கள் அதற்குப் பெயரிட்டனர். சுவருக்குப் பின்னே தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் விடவேண்டும், இடையிடையே தூண் நிறுத்தவேண்டும் என்பது நம்மூர்க் கொத்தனார் எவரும் அறிந்த பாடம். அத்தகைய சுவரில் ஓவியம் தீட்டினாலும் ஊஞ்சல் கட்டினாலும் அதன் கீழே உறங்குவோரின் அச்சம் ஓர் இம்மியும் குறைந்திராது.

அல்கஹ்ஃப் அத்தியாயத்தை ஓதுவோர் துல்கர்னைன் இரும்பும் உருக்கிய செம்பும் கொண்டு எழுப்பிய தடுப்பை அறிவர். கொடுமைக்கு ஆளான மக்களே வேண்டிக் கேட்டது அது. அவரோ கூலி பெறவில்லை. அவர்களுடைய உடலுழைப்பைக் கேட்டார். வடிவமைப்பைப் போற்றுவோர், மதிலை வேண்டியவர் யார் என்பதை முதலில் கேட்பதில்லை என்பதே நம் குறை. நடூரில் அச்சுவரை வேண்டியவர்கள் அதன் கீழே வாழ்ந்தவர்கள் அல்லர்.

எல்லையே கூடாது என்பது நம் வாதமன்று. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியும் எல்லைதான். மாடு வெளியேறாது, காற்றும் மழைநீரும் தடையின்றிச் செல்லும், குருவி கூடு கட்டும். வேலியைக் கண்டு எவரும் தாம் தாழ்ந்தவர் என எண்ணுவதில்லை.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் இடித்தது. ஏறத்தாழ 15 அடி அகலத்தில் ஒரு வழி, அவ்வளவே. வண்ணமில்லை, வடிவமைப்பாளர் பெயரும் இல்லை. விருதுக் குழுவில் நமக்கு ஓர் இருக்கை இருந்திருப்பின், சீசாப் பலகையை மெச்சிவிட்டு, நம் வாக்கை அந்த இடைவெளிக்கே அளித்திருப்போம்.