தொண்டாசிரியர் எழுதிய இரு நூல்கள்

பயண இலக்கியம் தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. ஏ. கே. செட்டியார், சோமலெ முதலியோர் உலக நாடுகள் பலவற்றைச் சுற்றி வந்து எழுதிய நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. எனினும், ஓர் ஊரைக் கண்டு செல்வோர் எழுதுவது வேறு; அவ்வூரிலேயே குடியிருந்து, அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தோர் எழுதுவது வேறு. காண்போர்க்கு ஊர் ஒரு காட்சி. கற்பிப்போர்க்கோ அது ஒரு பொறுப்பு. அயல்நாட்டுச் சிற்றூர்களுக்குத் தொண்டாசிரியராய்ச் சென்றோரின் நூல்களை அப்பொறுப்பின் அளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் தகும். இவ்வகையில் கருதத்தக்க நூல்கள் இரண்டு. ஒன்று, கனடா நாட்டவரான ஜேமி ஸெப்பா 1999இல் வெளியிட்ட ‘பியாண்ட் த ஸ்கை அண்ட் த எர்த்’. மற்றொன்று, அமெரிக்கரான பீட்டர் ஹெஸ்லர் 2001இல் வெளியிட்ட ‘ரிவர் டவுன்’.

மலைநாட்டுப் பள்ளி

பூட்டானில் புதுமுறைக் கல்வி பரவியதில் அயல்நாட்டார்க்குப் பெரும் பங்குண்டு. 1963இல் அங்குச் சென்ற வில்லியம் மெக்கி என்னும் கனடியத் துறவியார் அந்நாட்டுக் கல்வி வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்றவர். ஆங்கிலமே பயிற்றுமொழியானதால், இந்தியாவிலிருந்தும் ஆசிரியர் பலர் சென்று பணிபுரிந்தனர். இவ்வழியிலேதான் 1980களின் இறுதியில் ஸெப்பாவும் கிழக்குப் பூட்டானிலுள்ள பேமா காட்செல் என்னும் சிற்றூரை அடைகின்றார்.

நூலின் சிறந்த பகுதி அதன் முற்பகுதியே எனலாம். உதவி செய்ய வந்தவர் உதவியின்றி வாழ இயலாதவராய் நிற்கின்றார். உணவு பழகவில்லை, மொழி புரியவில்லை, இரவில் எலிகளின் ஓசை அச்சுறுத்துகின்றது, ஊர் திரும்பிவிடலாமா என்னும் எண்ணம் நாள்தோறும் எழுகின்றது. அந்நிலையில் அவரைத் தாங்கி நிற்பவர்கள் அவர் வகுப்பிலுள்ள சிறு பிள்ளைகள். காய்கறி கொண்டு வருபவர்கள் அவர்கள். தங்கள் ஷார்ச்சோப் மொழியைச் சொல் சொல்லாகக் கற்றுக் கொடுப்பவர்களும் அவர்களே. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்னும் கணக்கு இங்கே தலைகீழாகின்றது. அதனை நூலாசிரியர் நகைச்சுவையோடும் நாணத்தோடும் சொல்லிச் செல்வது படிப்போர் உள்ளத்தைக் கவர்கின்றது.

குறையும் இங்கேதான் தோன்றுகின்றது. அச்சம் நீங்கியபின் அவர் கண்ணுக்குப் பூட்டான் மாசற்ற பொன்னுலகாகிவிடுகின்றது. ஆனால், அம்மயக்கத்தை நூலே பின்னர்க் கலைத்துவிடுகின்றது. காங்லுங்கிலுள்ள ஷெருப்சே கல்லூரிக்கு மாற்றலாகிச் சென்றபின், தெற்குப் பூட்டானைச் சேர்ந்த நேப்பாளி மொழி பேசும் மாணவர்களை அவர் அறிகின்றார். 1989இல் தேசிய உடை கட்டாயமாயிற்று. பள்ளிகளிலிருந்து நேப்பாளி மொழிப் பாடம் நீக்கப்பட்டது. 1990இல் தெற்கே கிளர்ச்சி எழுந்தது. அதன் பின்விளைவாய் நேப்பாள முகாம்களில் தஞ்சம் புகுந்தோர் தொகை ஒரு லட்சத்தை எட்டியது. ஒரே வகுப்பில் அமர்ந்த மாணவர்கள் இரு கூறாய்ப் பிரிவதைக் கண்ட ஆசிரியர் எப்பக்கம் நிற்பது எனத் தெளியாது தவிக்கின்றார். அத்தவிப்பை அவர் மறைக்காதது நேர்மை. எனினும், அதனைக் கடந்து ஆராயாது, தம் காதல் கதைக்கு நூலின் பிற்பகுதியில் பேரிடம் அளித்தது குறையே. அவர் மணந்தவர் அக்கல்லூரி மாணவர் என்பதால், ஆசிரியர் மாணவர் உறவின் எல்லை பற்றிய வினாவும் எழுகின்றது. அதற்கு நூலில் தயக்கம் உண்டு. நிறைவான விடை இல்லை.

ஆற்றங்கரைக் கல்லூரி

ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் பயின்ற ஹெஸ்லர், ‘பீஸ் கோர்’ தொண்டராய் 1996இல் சீனாவின் ஃபூலிங் ஊருக்குச் சென்றார். யாங்சி ஆறும் வூ ஆறும் கூடும் இடத்திலுள்ள அவ்வூருக்கு அன்று இரயில் பாதை இல்லை, படகே வழி. அங்குள்ள ஆசிரியர் கல்லூரியில் பயின்றோருள் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லவேண்டியவர்கள்.

வகுப்பறையே இந்நூலின் உயிர்நிலை. ஷேக்ஸ்பியர் பாடும் காதலியை அம்மாணவர்கள் சீனப் பேரழகியாகக் கற்பனை செய்கின்றனர். ராபின் ஹூட் இன்றைய சீனாவில் பிறந்திருந்தால் வீரனா, குற்றவாளியா என வாதிடுகின்றனர். இலக்கியம் எங்கிருந்து வந்தாலும், படிப்பவர் தம் வாழ்வின் ஒளியிலேயே அதனைப் படிக்கின்றனர் என்னும் உண்மை இங்கே எடுத்துக்காட்டுகளால் நிறுவப்படுகின்றது. மாணவர் எழுதிய கட்டுரைகளை நூலாசிரியர் அவர்கள் சொற்களிலேயே தருவதும் போற்றத்தக்கது.

ஸெப்பாவைக் காட்டிலும் இவர் ஒருபடி உயர்வது மொழிப் பயிற்சியால். சீன மொழி தெரியாதபோது தெருவில் கேலிக்கு ஆளானவர், மொழி கைவந்தபின் தேநீர்க் கடையில் பேச்சுத் துணையாகின்றார். எனினும், எல்லாம் இனிது முடிந்ததாக அவர் பொய்யுரைக்கவில்லை. அபினிப் போர் பற்றித் தம் மொழியாசிரியரோடு நேர்ந்த கருத்து மோதலையும், பணிக்காலத்தின் இறுதியில் தெருவைப் படம் பிடித்தபோது கூட்டம் சூழ்ந்து எதிர்த்ததையும் எழுதுகின்றார். ஈராண்டு வாழ்ந்தும் ஒருவன் அயலானாகவே நிற்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு இந்நூலுக்கு உண்டு. அவர் அத்துடன் நில்லாது, 2019இல் மீண்டும் சிச்சுவானில் ஆசிரியப் பணியேற்று, பழைய மாணவர்களின் பிற்கால வாழ்வையும் 2024இல் வெளிவந்த ‘அதர் ரிவர்ஸ்’ நூலில் பதிவு செய்தார். கற்பித்ததன் பயன் யாதென நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்து கேட்பது, பொறுப்புணர்வின் அடையாளமாகும்.

மாணவர் பக்கம்

இரு நூல்களுக்கும் பொதுவான எல்லை ஒன்றுண்டு. பேசுபவர் என்றும் ஆசிரியரே. மாணவரின் சொற்கள் அப்படியே இடம்பெறும்போதும், எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்று முடிவு செய்பவர் அவரே. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விடைபெற்றுச் செல்லும் உரிமை அவருக்குண்டு. மாணவர்க்கு அவ்வுரிமை இல்லை. விட்டுச் செல்லப்பட்ட வகுப்பு மறுநாள் என்ன ஆயிற்று என்பதை இத்தகைய நூல்கள் சொல்வது அரிது.

இவ்வினா மலேசிய வாசகர்க்கு அயலானதன்று. 1962 முதல் 1983 வரை இந்நாட்டிலும் ‘பீஸ் கோர்’ தொண்டர்கள் பணியாற்றினர். பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் கற்பித்தோர் அவர்களுள் பலர். ஆகவே, இத்தகைய நூலை இங்குள்ளோர் மாணவர் இருக்கையிலிருந்தும் படிக்க இயலும். வந்தவர் தந்தது என்ன, அறியாது புண்படுத்தியது என்ன, சென்றபின் எஞ்சியது என்ன என்பவற்றை அவ்விருக்கையில் அமர்ந்தோர் எழுதுவாராயின், இவ்விலக்கிய வகை முழுமை பெறும். அதுவரை, ஸெப்பாவின் நூலை அதன் நெகிழ்ச்சிக்காகவும், ஹெஸ்லரின் நூலை அதன் நேர்மைக்காகவும் படிக்கலாம். இரண்டனுள் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், பின்னதே முதலிடம் பெறத் தகுதியுடையது.