அல்பெர்ட்டியின் ஓவிய நூலும் அதன் இரு மொழி வடிவங்களும்

இத்தாலிய அறிஞர் லியோன் பத்திஸ்தா அல்பெர்ட்டி (1404–1472) இயற்றிய ஓவிய நூல், தொலைவிலுள்ள பொருளைக் கணக்கிட்டுச் சிறுத்து வரையும் முறையை விளக்கும் பழைய நூல் என்ற அளவிலேயே பெரிதும் போற்றப்படுகிறது. அதன் மொழியும் அதே அளவு ஆராயத்தக்கது.

அல்பெர்ட்டி இந்நூலை 1435–36ஆம் ஆண்டுகளில் இலத்தீனிலும் டஸ்கன் மொழியிலும் தாமே எழுதினார். இலத்தீன் வடிவம் மாந்துவாவின் ஆட்சியாளர் கொன்சாகாவுக்கும், டஸ்கன் வடிவம் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கிக்கும் உரிமையாக்கப்பட்டன. இலத்தீனே முந்தியது என்பது கிரேசனின் கருத்து. டஸ்கனே முந்தியது என்பது சினிஸ்கல்லியின் முடிவு. எது முந்தியதாயினும் இரண்டும் சொல்லுக்குச் சொல் ஒத்தவையல்ல; இரு வேறு வாசகரை நோக்கியவை.

நூலின் மையக் கருத்து 'கம்போசிதியோ' என்பதாகும். வாக்கிய அமைப்பைக் குறிக்க இலத்தீன் சொற்கலை ஆசிரியர்கள் வழங்கிய சொல் இது. சொற்கள் தொடராகவும், தொடர்கள் வாக்கிய உறுப்புகளாகவும், உறுப்புகள் முழு வாக்கியமாகவும் அமைவதுபோல, பரப்புகள் உறுப்புகளாகவும், உறுப்புகள் உடல்களாகவும், உடல்கள் நிகழ்ச்சிச் சித்திரமாகவும் அமைகின்றன. இவ்வொப்புமையை மைக்கேல் பாக்சாண்டல் 1971இல் விளக்கிக் காட்டினார்.

இலத்தீன் பயின்றவர் இதனை எளிதில் உணர்வர். பட்டறையில் வளர்ந்த ஓவியனுக்கு அப்பயிற்சி இல்லை. அவனுக்குத் துணைபுரிவன வேறு இரு உவமைகள். துணியில் இழைகள் நெருங்கியிருப்பதுபோலக் கோடுகள் சேர்ந்து பரப்பாகின்றன என்பது ஒன்று. சிறுவர்க்கு முதலில் எழுத்தும், பின் அசையும், அதன்பின் சொல்லும் கற்பிப்பதுபோல ஓவியமும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இவை இரு வடிவங்களிலும் உள்ளன எனினும், டஸ்கன் வாசகனுக்கே இன்றியமையாதவை.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. வாக்கியம் ஒன்றன்பின் ஒன்றாக விரிவது. ஓவியமோ ஒருசேரக் கண்ணில் படுவது. இவ்வேறுபாட்டை அல்பெர்ட்டி ஆராயவில்லை. மனித உருவமில்லாத ஓவியத்திற்கு இவ்வடுக்கில் உயர்ந்த இடமும் இல்லை.

நூல் அச்சேறிய வரலாறு மேலும் சிந்திக்கத்தக்கது. இலத்தீன் வடிவம் 1540இல் பாசெல் நகரில் வெளிவந்தது. 1547இல் வெனிசில் வெளிவந்த இத்தாலிய நூல், தொமெனிக்கி இலத்தீனிலிருந்து செய்த மொழிபெயர்ப்பாகும். ஆசிரியரின் சொந்த டஸ்கன் நூல் 1847இல்தான் அச்சு கண்டது. மக்கள் வழங்கும் மொழிக்கும் விதிகள் உண்டு எனக் காட்ட டஸ்கன் இலக்கணம் வகுத்தவர் அல்பெர்ட்டி. அவருடைய டஸ்கன் நடையே மூன்று நூற்றாண்டுகளாக மொழிபெயர்ப்பின் பின்னே மறைந்து கிடந்தது. எனவே 1547ஆம் ஆண்டுப் பதிப்பு அரிய நூலாயினும், அதன் இத்தாலியம் தொமெனிக்கியுடையதே. அல்பெர்ட்டியின் கலைச்சொற்களை ஆராய்வோர் டஸ்கன் வடிவத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.