கட்டபொம்மனும் திருவரங்கத்து மதிலும்

1801 ஜூன் 16 அன்று சின்ன மருது விடுத்த போர் அறிக்கை, திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அவ்வழியே நாள்தோறும் நடப்போருள் இதனை அறிந்தவர் சிலரே. பாஞ்சாலங்குறிச்சியின் கதையையோ அறியாதார் இலர். அதற்குக் காரணம் ஒரு திரைப்படம்.

பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வெளிவந்தது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருதையும், ஜி. ராமநாதன் இசைக்கான விருதையும் பெற்றனர். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த அக்கலைஞரின் குரல், அடிமைப்பட்டிருந்த இனத்தை நிமிர்ந்து நிற்கச் செய்தது. அந்நன்றியை நாம் மறத்தலாகாது.

எனினும், படத்தை மீண்டும் காணும்போது நெஞ்சில் ஓர் உறுத்தல் எழுகிறது. வெள்ளையனின் வெற்றிக்கு விளக்கமாக நம் நினைவில் எஞ்சுவது எட்டப்பன் என்னும் ஒரே பெயர். எட்டையபுரத்தார் கும்பினிக்குத் துணைநின்றது உண்மை. இரு பாளையங்களுக்கும் இடையே பழைய எல்லைத் தகராறு இருந்ததும் உண்மை. ஆனால், கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவ்வீரன் தூக்கிலேறினான். பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பழியை ஓர் ஊரின் பெயர் தனியே சுமக்கிறது. பாரதி பிறந்த மண்ணும் அதுவே அன்றோ?

பிறர்மீது பொய்ச்சான்று சொல்வதைத் தடுக்கும் எட்டாம் கட்டளை, மாண்டோருக்கும் பொருந்தும். யூதாசைச் சுட்டும் விரல், சேவல் கூவும் முன் மும்முறை மறுதலித்த பேதுருவை மறந்துவிடுகிறது. சிதறி ஓடிய ஏனைய சீடரையும் மறந்துவிடுகிறது. துரோகியை வெளியே கண்டுவிட்டால் நம்மை நாமே சோதித்துப் பார்க்கும் தேவை எழுவதில்லை.

திருவரங்கத்து மதிலில் ஒட்டிய அறிக்கை வேறு வழியைக் காட்டியது. அது பிராமணர் முதல் முஸ்லிம்கள் வரை பலரையும் பெயர்சொல்லி அழைத்தது. நம்மவரின் ஒற்றுமையின்மையே வீழ்ச்சிக்குக் காரணம் என்றது. மருது சகோதரரின் கதையைச் சொன்ன கண்ணதாசனின் 'சிவகங்கைச் சீமை'யும் அதே 1959இல் வெளிவந்தது; ஆயினும் கட்டபொம்மனின் கர்ஜனைக்கு முன் அது எடுபடவில்லை. சருகணித் தேவாலயத்துக்குக் கொடை அளித்தவர்களாகவும் மருதிருவர் நினைக்கப்படுகின்றனர். அவர்களுடைய அறைகூவலில் நமக்கும் பங்குண்டு.

படத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அக்குரலில் அவர்களும் சிலிர்க்கட்டும். பின்னர் ஒருநாள் அவர்களைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, அம்மதிலின் கதையையும் சொல்வோம். 'எட்டப்பன்' என்று எவரையேனும் ஏசுமுன் அவர்கள் ஒரு கணம் தயங்கினால், அதுவே நமக்குப் போதும்.