கேட்டபின் சொன்ன அறம்

கள்ளுண்ணாமை, புலால் மறுத்தல், கொல்லாமை என அதிகாரம் வகுத்து அறம் உரைத்த மொழி நம் மொழி. அவ்வதிகாரங்களைக் கற்றோர் அனைவரும் அவ்வாறே ஒழுகினரா எனின், இல்லை என்றே கூற வேண்டும். ஒருவர் உண்ணும் முறையையும் வாழும் முறையையும் பிறர் சொல் மாற்றுமா, பிறர் நடத்தை மாற்றுமா? இவ்வினாவைக் கதையாகவே நடத்திக் காட்டிய காப்பியம் மணிமேகலை என்பது நம் கருத்து.

உ.வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்து வழங்கிய இக்காப்பியத்தில், சமய உரை மிகுந்து கதை மெலிந்தது எனத் திறனாய்வாளர் பலர் குறை கூறுவர். அக்குறை முற்றும் பொய்யன்று. இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். அவர்கள் சொல்வதைக் கேட்கிறோம். அவர்கள் வாழ்வதை நாம் காண்பதில்லை. மணிமேகலையின் உள்ளமும் அவற்றுள் ஒன்றிலும் தங்கவில்லை. இருபத்தொன்பதாம் காதையின் அளவை இலக்கணம் தருக்க நூல் வரலாற்றுக்கு அரிய கருவூலம். ஆயினும் படிப்பவர் நெஞ்சில் நிற்பவை வேறு காதைகள். அவற்றுள் மூன்றினை ஈண்டு நோக்குவோம்.

கல் விழுந்த கலம்

வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை ஆபுத்திரன் இரவில் அவிழ்த்துச் சென்றான். அவன் செய்தது அருள். பிடிபட்டபின் அவன் பேசியது வாதம். புல்லை மேய்ந்து பால் சுரக்கும் உயிர் உமக்கு என்ன தீங்கு செய்தது என்று அவன் கேட்டவரையில் அச்சொல் செயலோடு ஒட்டியே நின்றது. அவர்கள் அவன் பிறப்பை இழித்துரைத்தபோது, அவனும் அவர்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பை எடுத்துக் காட்டி நகைத்தான். வாதத்தில் வென்றவன் அவனே. ஆனால் அங்கு ஒருவரும் மனம் மாறவில்லை. வளர்த்த தந்தையும் கைவிட்டான். அவன் ஏந்திய பிச்சைக் கலத்தில் ஊரார் கல்லை இட்டனர்.

அவனே மதுரைக்கு வந்தபின் எவரிடமும் வாதிடவில்லை. இரந்து பெற்ற உணவைக் கண்ணற்றோர்க்கும் காதற்றோர்க்கும் கால் முடமானோர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியை அளித்தது அங்கேதான். வாதிட்டவன் கலத்தில் கல் விழுந்தது. ஊட்டியவன் கைக்கு வற்றாத கலம் வந்தது. சாத்தனார் இவ்வேறுபாட்டை விளக்கியுரைக்கவில்லை. இரண்டு கலங்களையும் நம்முன் வைத்துவிட்டு நகர்கிறார்.

நாகர் நாட்டில்

இவ்வினாவின் உள்ளீடு பதினாறாம் காதையில் இருக்கிறது. சாதுவன் அறவோனாகத் தொடங்கியவன் அல்லன். மனைவி ஆதிரையைப் பிரிந்து, கணிகையிடத்தும் சூதிலும் பொருள் இழந்தவன். கடலோடிக் கலம் உடைந்து நாகர் வாழும் மலையை அடைந்தான். உறங்கிக் கிடந்தவனைத் தின்ன வந்தவர்கள், அவன் தங்கள் மொழியில் பேசக் கேட்டு வியந்து தலைவனிடம் அழைத்துச் சென்றனர். அவன் உயிரைக் காத்தது அறிவுரை அன்று. அவர்கள் மொழியை அவன் கற்றிருந்தமையே.

தலைவன் அவன் துயர்க்கு இரங்கினான். இவனுக்கு இளம்பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுங்கள் என்றான். இது சோதனை அன்று, விருந்தோம்பல் என்பதை நாம் மறத்தலாகாது. சாதுவன் வேண்டா என்றான். விருந்து மறுக்கப்பட்ட தலைவன் சினந்து, இவையின்றியும் உலகில் இன்பம் உண்டோ, காட்டு என்றான். அதன் பின்னரே சாதுவன் அறம் பேசுகிறான். முதலில் மறுப்பு, அடுத்து வினா, இறுதியிலேயே உரை, இவ்வரிசை கருதத்தக்கது. உயிர் வேறு உடல் வேறு என்பதற்கு அவன் எந்த நூலையும் சான்று காட்டவில்லை. உயிர் நீங்கிய உடல் வெட்டினும் சுடினும் உணர்வதில்லை என்பதும், உடல் இங்கே கிடக்க உயிர் கனவில் நெடுந்தொலைவு செல்லும் என்பதுமே அவன் காட்டிய சான்றுகள். இரண்டும் நாகனே அறிந்தவை.

தலைவன் அடியில் வீழ்ந்தான். எனினும் கள்ளும் ஊனும் விட்டால் எம்மால் உயிர் தாங்க இயலாது, எமக்கு இயன்ற அறத்தைச் சொல் என்று வேண்டினான். தான் மறுத்தவற்றை அவனும் மறுக்க வேண்டுமெனச் சாதுவன் வற்புறுத்தவில்லை. கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாது காப்பாற்றுக. மூத்து இறக்கும் விலங்கினை அன்றிப் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாதிருக்க என்ற அளவில் நிறுத்தினான். அறத்தைக் குறைத்துவிட்டான் எனச் சிலர் கூறலாம். கேட்பவன் தாங்கக்கூடிய அளவறிந்து சொன்னான் என்பதே நம் துணிபு.

சிறையும் சோறும்

பத்தொன்பதாம் காதையும் இவ்வரிசையையே பின்பற்றுகிறது. மணிமேகலை சிறைக்கோட்டம் புகுந்து பசித்தவர்க்கு உணவிடுகிறாள். சிறைகளின் கொடுமை பற்றி அரசனிடம் முறையிட அவள் செல்லவில்லை. காவலர் கண்டு வியந்து அறிவிக்க, அரசன் அவளை அழைத்து, யான் செய்ய வேண்டுவது யாது என்று கேட்கிறான். அப்போதுதான் சிறையை அறக்கோட்டமாக்குக என்கிறாள். செயல் அவ்வினாவை எழுப்பியிராவிடில் அச்சொல்லுக்கு இடமே இல்லை.

நம் இல்லங்களில்

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இக்காதைகள் அயலானவை அல்ல. அடுத்த வீட்டார் அன்போடு படைக்கும் விருந்தில் நமக்கு ஆகாதது இருக்கலாம். இன்சொல்லோடு மறுப்பது ஒன்று. அவர் உணவை இழித்துரைப்பது முற்றிலும் வேறு. நம் பிள்ளைகளிடமும் அப்படியே. விழாதோறும் தமிழின் பெருமையைக் கேட்டு வளரும் குழந்தை, தந்தையின் கையில் தமிழ் நூல் ஒன்றைக் கண்டதில்லை என்றால், அது கற்பது எதனை? இரவு உணவுக்குப் பின் பெற்றோர் தமக்காகவே பத்துப் பக்கம் படிக்கும் வீட்டில், இது என்ன கதை என்ற வினா ஒருநாள் எழும். சொல்லத் தொடங்குவதற்கு உரிய நாள் அதுவே.

நாகர் கள்ளையும் ஊனையும் விட்டனர் என்று சாத்தனார் பாடவில்லை. முன்பு கலம் உடைந்து வந்தோரைத் தின்றுவிட்டு வைத்திருந்த பொருளையெல்லாம் தலைவன் சாதுவனுக்குக் கொடுத்து அனுப்பினான் என்பதோடு அப்பகுதி முடிகிறது. அதற்குப் பின் அக்கரையில் ஒதுங்குபவன் எவனாயினும், அவனை இன்னார் காத்தார் என்று அவன் அறியப் போவதில்லை.